டைனோசரின் பிடி

நேயர்களுக்கு வணக்கம்.

டைனோசர் என்றதும் பெரும்பாலானோரின் கண்முன் வருவது பிளந்த வாயும் அதில் வரிசையாக நிற்கும் பற்களும்தான். ஆனால் பல் தன் வேலையைத் தொடங்க வேண்டுமானால் இரை ஓரிடத்தில் நின்றாக வேண்டும். எந்த உயிரும் சாவதற்காக நின்று கொடுப்பதில்லை. ஓடும், உதைக்கும், முட்டும், கடிக்கும், கடைசி மூச்சு வரை திமிறும். அப்படித் திமிறுகிற உடலை நிறுத்தி வைக்கும் வேலை பல டைனோசர்களில் நகத்தின் மேல் விழுந்தது. கொன்றுண்ணும் டைனோசர்கள் தங்கள் நகங்களைக் கொண்டு எப்படி வேட்டையாடின என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நகங்களை வாள் என்றும் கத்தி என்றும் கற்பனை செய்தே நாம் பழகிவிட்டோம். ஒரே பாய்ச்சல், ஒரே உதை, இரையின் வயிறு கிழிந்து குடல் சரிகிறது என்பதுதான் பலரின் மனத்தில் பதிந்திருக்கும் வேட்டைக் காட்சி. கிடைத்திருக்கும் எலும்புகளையும், செய்து பார்த்த சோதனைகளையும், இன்று வானில் வட்டமிடும் வேட்டைப் பறவைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வெட்டுவதைவிடப் பிடிப்பதற்கே அந்த நகங்கள் பொருத்தமாக இருந்தன என்று எனக்குத் தெளிவாகத் தோன்றுகிறது.

முதலில் ஒரு நகத்தை அருகே வைத்துப் பார்ப்போம். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் நாம் காண்பது முழு நகம் அன்று. அது விரலின் கடைசி எலும்பு மட்டுமே. உயிரோடு இருந்தபோது அந்த எலும்பின் மேல் கெராட்டின் என்ற பொருளால் ஆன கடினமான உறை ஒன்று மூடியிருந்தது. நம் விரல் நகமும் மாட்டுக் கொம்பின் வெளிப்பகுதியும் அதே பொருளால் ஆனவைதான். விலங்கு இறந்து புதைந்த பிறகு உறை மட்கிவிடும், எலும்பு கல்லாகி நிற்கும். இத்தாலியில் கிடைத்து 1998-இல் விவரிக்கப்பட்ட சிபியோனிக்ஸ் என்னும் குட்டி டைனோசரில் அந்த உறையே கல்லில் பதிந்திருக்கிறது, ஆனால் அது அரிதான பேறு. ஆகவே எந்த நகத்தின் நீளத்தைப் படித்தாலும், உயிருள்ள விலங்கிடம் அது இன்னும் நீண்டதாகவும் கூர்மையாகவும் இருந்தது என்று மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த எலும்பின் அடிப்பக்கத்தில், விரல் மூட்டை ஒட்டினாற்போல், ஒரு புடைப்பு இருக்கும். பார்ப்பவர்கள் நுனியின் கூர்மையையே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது அந்தப் புடைப்பைத்தான். நகத்தை உள்நோக்கி மடக்கும் தசைநாண் வந்து பற்றியிருந்த இடம் அது. புடைப்பு பெரிதாகவும் மூட்டிலிருந்து சற்றுத் தள்ளியும் இருந்தால், அந்தத் தசைநாண் இழுக்கும்போது நெம்புகோல் போல விசை பெருகும். ஓடுவதற்கு மட்டும் கால் விரலைப் பயன்படுத்திய விலங்குகளில் நகம் ஏறக்குறைய நேராகவும் புடைப்பு சிறியதாகவும் இருக்கிறது. இரையைப் பற்றும் விலங்குகளிலோ நகம் வளைந்து, புடைப்பு திரண்டு நிற்கிறது. கல்லான எலும்பில் தசை இல்லை, தோல் இல்லை. ஆனாலும் அந்தத் தசை எவ்வளவு வலுவாக இழுத்தது என்பதற்கான தடயம் அங்கே பதிந்திருக்கிறது.

இந்தக் கதையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜான் ஆஸ்ட்ரம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1964-ஆம் ஆண்டு கோடையின் முடிவில் மோன்டானா மாநிலத்தில் அவரும் அவருடைய உதவியாளர் கிராண்ட் மேயரும் ஒரு மலைச்சரிவில் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த பெரிய நகங்களைக் கொண்ட ஒரு கையைக் கண்டார்கள். தொடர்ந்து தோண்டியபோது ஒரு பாதமும் கிடைத்தது. அந்தப் பாதத்தின் இரண்டாம் விரலில் இருந்த நகம் மற்ற விரல்களின் நகத்தைப் போல இல்லை. அரிவாளைப் போல வளைந்து பெருத்திருந்தது. உறையோடு சேர்த்தால் அது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இருந்திருக்கும் என்று ஆஸ்ட்ரம் கணக்கிட்டார். 1969-இல் அந்த விலங்குக்கு அவர் டைனோனிக்கஸ் என்று பெயரிட்டார். மூக்கு முதல் வால் வரை 3 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், ஏறக்குறைய ஓர் ஆளின் எடை, சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்.

அதுவரை டைனோசர்கள் மந்தமான, குளிர்ந்த இரத்தம் ஓடிய பெரும் பல்லிகள் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. ஆஸ்ட்ரம் இந்த ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு வேறு விதமாகச் சிந்தித்தார். இப்படிப்பட்ட நகத்தைத் தரையில் ஊன்றி நடக்க முடியாது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்திருக்க வேண்டும். அதை ஆயுதமாகப் பயன்படுத்த வேண்டுமானால் ஒற்றைக் காலில் நிற்கவோ துள்ளவோ வேண்டியிருந்திருக்கும். அதற்குச் சமநிலையும் சுறுசுறுப்பும் வேண்டும். எலும்புக் கம்பிகளால் விறைப்பாக்கப்பட்ட அதன் வால் சமநிலைக்குக் கைகொடுத்திருக்கும். ஒரு நகத்திலிருந்து ஒரு விலங்கின் முழு வாழ்க்கையையும் நோக்கி நகர்ந்த அந்தச் சிந்தனை, இருபதாம் நூற்றாண்டின் டைனோசர் ஆய்வையே திசைதிருப்பியது. அதே ஆஸ்ட்ரம்தான் பறவைகள் டைனோசர்களிலிருந்து தோன்றியவை என்ற கருத்துக்குப் பின்னாளில் உயிர் கொடுத்தார். நகத்தைக் கொண்டு இரையின் உடலைக் கீறிப் பிளந்திருக்கும் என்றும் அவர் எண்ணினார். அந்த ஒரு வரிதான் ஓவியர்கள் கைக்குப் போய், திரைக்குப் போய், பெரிதாகிவிட்டது.

அந்த வரியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஃபிலிப் மேனிங்கும் அவருடைய குழுவினரும் முடிவு செய்தார்கள். உயிருள்ள டைனோசர் கிடையாது. ஆகவே ஓர் இயந்திரக் காலைச் செய்தார்கள். திரவ அழுத்தத்தால் இயங்கும் அந்தக் காலின் நுனியில், புதைபடிவங்களின் அளவுகளைப் பார்த்துச் செய்த நகம் ஒன்றைப் பொருத்தினார்கள். இறந்த பன்றியின் உடலிலும் முதலையின் உடலிலும் அதை ஓங்கி அடிக்க வைத்தார்கள். நீண்ட வெட்டுக் காயம் விழவில்லை. நகம் உள்ளே குத்திக்கொண்டு இறங்கியது, துளை விழுந்தது. கீழே இழுத்தபோது தோலும் சதையும் நகத்தின் வளைவுக்குள் சுருண்டு திரண்டு, மேற்கொண்டு கிழியவிடாமல் தடுத்துவிட்டன. கத்திக்கு வேண்டியது கூரான உள்விளிம்பு. இந்த நகங்களின் உள்விளிம்பு அப்படிக் கூராக இல்லை. கூர்மையெல்லாம் நுனியில்தான் இருந்தது.

கப்பலிலிருந்து சரக்கு இறக்குபவர்கள் மூட்டையைப் பற்றுவதற்கு வைத்திருக்கும் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். அது மூட்டையை அறுப்பதில்லை. குத்தி, பிடித்து, பாரம் அதிகமாக அதிகமாக இன்னும் ஆழமாகப் பற்றிக்கொள்ளும். அரிவாள் நகமும் அப்படித்தான் வேலை செய்திருக்கும். இரை எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவு இறுக்கம். தன்னைவிடப் பெரிய விலங்கின் மேல் தொற்றி ஏறவும் இந்த நகம் உதவியிருக்கும் என்று மேனிங்கின் குழு கருதியது.

சோதனைக்கூடத்தில் நடந்ததை விட்டுவிட்டு, உண்மையாக நடந்த ஒரு சண்டைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், புதைபடிவ உலகில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. 1971-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் போலந்து, மங்கோலிய ஆய்வாளர்கள் கூட்டாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு எலும்புக்கூடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்று வெலோசிராப்டர். டைனோனிக்கஸின் சிறிய உறவு, திரையில் காட்டப்பட்டதைப் போல ஆள் உயரம் கிடையாது, வான்கோழியைவிடச் சற்றுப் பெரிய உருவம். அதன் அரிவாள் நகம் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர். மற்றொன்று புரோட்டோசெராடாப்ஸ். கிளி மூக்கைப் போன்ற அலகும், பிடரியை மறைக்கும் எலும்புத் தட்டும் கொண்ட, செம்மறியாட்டின் அளவுள்ள இலையுண்ணி.

இரண்டும் எப்படிக் கிடக்கின்றன என்பதை மெதுவாகச் சொல்கிறேன், மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். வெலோசிராப்டர் கீழே சாய்ந்து கிடக்கிறது. அதன் ஒரு கை புரோட்டோசெராடாப்ஸின் முகத்தைப் பற்றியிருக்கிறது. இடது பாதம் மேலே உயர்ந்து, அரிவாள் நகம் எதிரியின் கழுத்துப் பக்கம் நிற்கிறது. புரோட்டோசெராடாப்ஸோ சும்மா இல்லை. வெலோசிராப்டரின் வலது முன்னங்கையைத் தன் அலகுக்குள் கவ்வி வைத்திருக்கிறது. கவ்விய வாய் விடவில்லை, பதிந்த நகமும் விடவில்லை. இரண்டும் அப்படியே மணலுக்குள் போய்விட்டன. மணல்மேடு சரிந்து மூடியிருக்கலாம், அல்லது மணல்புயல் புதைத்திருக்கலாம். ஏழு கோடி ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிடி தளரவில்லை.

இந்தப் புதைபடிவத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கழுத்தில்தான் போய் நிற்கும். நகம் வயிற்றுக்குப் போகவில்லை, தொண்டைப் பக்கம் போயிருக்கிறது. பெரிய இரத்தக் குழாய்களும் மூச்சுக்குழலும் ஓடுகிற இடம் அது. ஆழமான ஒரு துளை போதும், உயிர் போய்விடும். நீளமாகக் கிழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆக, இந்த ஒரு சண்டையில் நகம் இரண்டு வேலை செய்திருக்கிறது. கை நகங்கள் தலையைப் பிடித்தன, கால் நகம் கழுத்தைத் தேடியது.

வெலோசிராப்டர் எப்போதும் இப்படி உயிரோடு போராடித்தான் உண்டது என்று நினைத்துவிடக் கூடாது. உள் மங்கோலியாவில் கிடைத்த புரோட்டோசெராடாப்ஸ் வகை எலும்புகளில் வெலோசிராப்டரைப் போன்ற ஒரு விலங்கின் பல் தடங்கள் இருக்கின்றன. சதை குறைவான தாடையில் அவை பதிந்திருப்பதால், ஏற்கெனவே இறந்து கிடந்ததை அது கொறித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இன்றைய வேட்டை விலங்குகளும் கிடைத்ததை விடுவதில்லை.

இனி பறவைகளுக்கு வருவோம். பருந்தும் கழுகும் இரையைப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். டென்வர் ஃபௌலர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இன்றைய வேட்டைப் பறவைகளின் பாதங்களை அளந்து, அவை வேட்டையாடும் விதத்தோடு ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆந்தைகளுக்கு விரல் நகங்கள் ஏறக்குறைய ஒரே அளவு. பாதத்துக்குள் அடங்கும் சிற்றுயிர்களை அவை நசுக்கிப் பிடிக்கின்றன. வல்லூறுகளுக்கு நகம் சிறியது. அவை அலகால் கழுத்தை முறித்துக் கொல்கின்றன. பருந்து, கழுகு இனங்களிலோ பின்விரலிலும் உள்பக்கத்து இரண்டாம் விரலிலும் உள்ள நகங்கள் தனித்துப் பெருத்திருக்கின்றன. டைனோனிக்கஸுக்கும் பெருத்திருந்தது அதே இரண்டாம் விரல்தான்.

பாதத்துக்குள் அடங்காத இரையைக் கழுகு என்ன செய்கிறது? அதன் மேல் ஏறி நின்றுவிடுகிறது. தன் உடல் எடையையே பாரமாக வைத்து அழுத்துகிறது. பெரிய நகங்கள் இரண்டும் ஆழப் பதிந்து, இரையை நழுவவிடாமல் நங்கூரமிடுகின்றன. இரை உருண்டு புரளும்போது கழுகு கீழே விழாமல் இருக்கச் சிறகை விரித்து அடித்துக்கொண்டே நிற்கிறது. பிறகு குனிந்து அலகால் இறகையோ முடியையோ பிய்த்து எறிந்துவிட்டு உண்ணத் தொடங்குகிறது. பல நேரங்களில் இரை அப்போதும் உயிரோடுதான் இருக்கும். பார்ப்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒரு தெளிவான முறை இருக்கிறது: நகம் நிறுத்துகிறது, எடை அமுக்குகிறது, வாய் உண்கிறது.

2011-இல் ஃபௌலர் குழு இந்த முறையை அப்படியே டைனோனிக்கஸுக்குப் பொருத்திக் காட்டியது. அதன் பாத எலும்புகளைப் பாருங்கள். ஓட்டத்தில் தேர்ந்த டைனோசர்களுக்குக் கணுக்காலுக்குக் கீழே உள்ள பாத எலும்பு நீண்டு மெலிந்திருக்கும். டைனோனிக்கஸுக்கு அது குட்டையாகவும் தடித்தும் இருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வலுவை வாங்கிய பாதம் அது. மற்ற விரல்களும் நன்றாக மடங்கிப் பற்றக்கூடியவை. உருவத்தில் தன்னைவிடச் சிறிய அல்லது தனக்குச் சமமான இரையின் மேல் பாய்ந்து, எடையால் அமுக்கி, அரிவாள் நகங்களைப் பதித்துக்கொண்டு, குனிந்து கடித்துத் தின்றிருக்கும் என்பது அவர்கள் வரைந்த படம். பீட்டர் பிஷப் என்பவர் 2019-இல் டைனோனிக்கஸின் காலைக் கணினியில் தசையோடு கட்டியெழுப்பிச் சோதித்தபோது, கால் நன்கு மடங்கிக் குந்திய நிலையில்தான் நக நுனிக்கு அதிக விசை கிடைத்தது. நின்றுகொண்டு எட்டி உதைப்பதற்கு உரிய நிலை அன்று அது. இரையின் மேல் ஏறிக் குந்தியிருப்பதற்கு உரிய நிலை.

சிறகு எங்கே என்று கேட்பீர்கள். இருந்தது. 2007-இல் ஒரு வெலோசிராப்டரின் முன்னங்கை எலும்பில் சிறு சிறு முடிச்சுகள் வரிசையாக இருப்பதைக் கண்டறிந்தார்கள். இன்றைய பறவைகளில் பெரிய இறகுகள் எலும்போடு பற்றும் இடத்தில் அதே முடிச்சுகள் இருக்கின்றன. அந்த விலங்கு பறந்ததில்லை. அப்படியானால் கையில் அவ்வளவு இறகு எதற்கு? திமிறும் இரையின் மேல் நிற்கும்போது தடுமாறாமல் இருக்க, கழுகைப் போலக் கைகளை விரித்து அடித்திருக்கும் என்பது ஃபௌலர் குழு தந்த விடைகளில் ஒன்று. சிறகடிப்பு என்ற செயலே இப்படி இரையின் முதுகில் தொடங்கியிருக்கலாம் என்று அவர்கள் ஒரு படி மேலே போய்ச் சொன்னார்கள். இதை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு மட்டும் இந்தக் கருத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் துள்ளுகிறது, மறைக்க மாட்டேன்.

நகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தன என்று ஆஸ்ட்ரம் சொன்னார் அல்லவா? அதற்குச் சான்று கால்தடங்களாகவே கிடைத்திருக்கிறது. சீனாவின் ஷான்டாங் மாநிலத்தில், 2008-இல் விவரிக்கப்பட்ட தடங்களில், பாதத்துக்கு இரண்டு விரல்களே தரையில் அழுந்தியிருக்கின்றன. மூன்றாவதாக இருக்க வேண்டிய உள்பக்க விரலின் இடத்தில் வெறும் குட்டையான ஒரு பதிவு. நகத்தைத் தரையில் தேயவிடாமல் காத்திருக்கிறது அந்த விலங்கு. மழுங்கிய நுனி இரைக்குள் இறங்காது.

இதுவரை காலைப் பற்றியே பேசிவிட்டேன். கை நகங்களின் கதை வேறு. ஓவியங்களில் டைனோசர்கள் உள்ளங்கையைத் தரை நோக்கித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலை அவற்றால் முடியாதது. இரையுண்ணும் டைனோசர்களின் முன்னங்கை எலும்புகள் நம்முடையவற்றைப் போல ஒன்றன் மேல் ஒன்று புரளாது. உள்ளங்கைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, கைதட்டப் போகும் நிலையில்தான் இருந்தன. 2002-இல் கென்னத் கார்ப்பென்டர் என்ற ஆய்வாளர் டைனோனிக்கஸ், அல்லோசரஸ், டைரனோசரஸ் ஆகிய மூன்று கொன்றுண்ணிகளின் கைகளும் எவ்வளவு தூரம் அசையும் என்று ஆராய்ந்தார். டைனோனிக்கஸின் நீண்ட கை முன்னே நீண்டு எட்டிப் பிடிக்கும். அல்லோசரஸின் கை அவ்வளவு தூரம் எட்டாது. அது வாயால் முதலில் கவ்விய இரையை, கை நகங்களால் நெஞ்சோடு சேர்த்துப் பற்றியிருக்க வேண்டும். வாய் முந்துகிறது, கை பின்தொடர்கிறது. ஆள் ஆளுக்கு உத்தி மாறுகிறது, ஆனால் நகத்தின் வேலை மாறவில்லை.

மீன் பிடித்த டைனோசரையும் சொல்ல வேண்டும். 1983-இல் இங்கிலாந்தின் சர்ரி பகுதியில் ஒரு களிமண் குழியில் வில்லியம் வாக்கர் என்பவர் ஒரு பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். அவர் பல்கலைக்கழக ஆய்வாளர் அல்லர், ஆர்வத்தால் புதைபடிவம் தேடியவர். வளைவோடு அளந்தால் அந்த நகம் 31 சென்டிமீட்டர். 1986-இல் ஆலன் சாரிக்கும் ஏஞ்சலா மில்னரும் அந்த விலங்குக்கு பாரியோனிக்ஸ் வாக்கெரி என்று பெயரிட்டு, கண்டெடுத்தவரின் பெயரை அதில் நிலைநிறுத்தினார்கள். முதலையைப் போல நீண்ட மூஞ்சி, கட்டைவிரலில் அந்தப் பெரிய நகம். வயிறு இருந்த இடத்தில் அமிலத்தால் அரிக்கப்பட்ட மீன் செதில்கள் கிடைத்தன. கூடவே இகுவானடான் என்னும் இலையுண்ணி டைனோசரின் இளம் உயிர் ஒன்றின் எலும்புகளும் இருந்தன. நீரோரம் நின்று, வழுக்கி ஓடும் பெரிய மீனைக் கவ்வவும் கொக்கியிட்டுக் கரைக்கு இழுக்கவும் மூஞ்சியும் நகமும் சேர்ந்து உழைத்திருக்கும். கரையில் கிடைத்ததையும் அது விட்டுவைக்கவில்லை.

தனியாகக் கிடைக்கும் ஒரு நகம் ஆய்வாளர்களை எப்படித் திணறடிக்கும் என்பதற்கு அர்ஜென்டினா நல்ல எடுத்துக்காட்டு. 1998-இல் ஃபெர்னாண்டோ நோவாஸ் அங்கே கிடைத்த, 30 சென்டிமீட்டரைத் தாண்டிய ஒரு வளைந்த நகத்தை விவரித்து, மெகாராப்டர் என்று பெயரிட்டார். டைனோனிக்கஸின் கால் நகத்தைப் போலவே இருந்ததால், பூதாகரமான ஒரு அரிவாள் பாதத்தை எல்லோரும் கற்பனை செய்தார்கள். சில ஆண்டுகளில் முழுக் கையோடு இன்னொரு எலும்புக்கூடு கிடைத்தது. 2004-இல் அது விவரிக்கப்பட்டபோது, அந்த நகம் காலுடையது அன்று, கையின் முதல் விரலுடையது என்று தெரிந்தது. அதே அர்ஜென்டினாவில் நோவாசரஸ் என்ற சிறிய டைனோசருக்கும் இதேதான் நடந்தது. கால் நகம் என்று எண்ணப்பட்டது கை நகமாயிற்று. காலும் கையும் வெவ்வேறு உறுப்புகள், விலங்குகளும் வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவை. ஆனால் பிடிக்க வேண்டும் என்ற ஒரே தேவை ஏறக்குறைய ஒரே வடிவத்தைத்தான் மீண்டும் மீண்டும் செதுக்கியிருக்கிறது.

நகம் பெரிதாக இருந்தாலே வேட்டைக்காரன் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. மங்கோலியாவில் கிடைத்த தெரிசினோசரஸின் கை நகங்கள் அரை மீட்டரைத் தாண்டியவை. எந்தக் காலத்திலும் எந்த விலங்குக்கும் அவ்வளவு நீண்ட நகங்கள் இருந்ததாகத் தெரியவில்லை. அதன் உரிமையாளரோ இலை தழை தின்றது. அந்த நகங்கள் நீண்டு, தட்டையாக, வளைவு குறைந்தவை. பெரும் இழுவிசையை அவை தாங்கியிருக்காது. பிடிக்கும் நகத்துக்கு வேண்டிய திரண்ட புடைப்பையும் ஆழ்ந்த வளைவையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

டைரனோசரஸைப் பற்றிக் கேட்காமல் எந்த நேயரும் என்னை விடமாட்டார். அதன் தலை ஒன்றரை மீட்டர் வரை நீளும். கை ஒரு மீட்டர்தான், இரண்டே விரல். இந்தக் கைகளை அது எதற்குப் பயன்படுத்தியது என்பதில் இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அருகில் வந்த இரையைக் கீறியிருக்கும் என்கிறார் ஒருவர், பற்றி வைத்திருக்கும் என்கிறார் இன்னொருவர், பெரிதாக ஒன்றுக்கும் பயன்படவில்லை என்கிறார் வேறொருவர். என் மனம் சாய்வது இந்தப் பக்கம்: எலும்பையே நொறுக்கும் தாடை கிடைத்த பிறகு, பிடிக்கும் வேலையும் கொல்லும் வேலையும் வாய்க்கே போய்விட்டன. அதன் சாணம் என்று கருதப்படும் புதைபடிவம் ஒன்றில் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைந்திருப்பது 1998-இல் வெளியானது. அர்ஜென்டினாவின் கார்னோடாரஸுக்கும், 2022-இல் விவரிக்கப்பட்ட மெராக்சஸுக்கும் கை குட்டைதான். இவை டைரனோசரஸின் நெருங்கிய உறவுகள் அல்ல. தலை பெருத்த வேட்டைக்காரர்களுக்குக் கை சுருங்குவது தனித்தனியாகப் பலமுறை நடந்திருக்கிறது.

மெகாராப்டர் குடும்பம் போனதோ நேர் எதிர்த் திசையில். மூஞ்சி நீண்டு இலேசானது, பற்கள் சிறியவை, கைகள் வலுத்தவை, முதல் இரண்டு விரல்களில் பெரும் நகங்கள். வாயின் வலுவைக் கைக்கு மாற்றிக்கொண்ட குடும்பம் என்று சொல்லலாம். இந்தக் குடும்பத்தின் எலும்புகள் துண்டு துண்டாகவே கிடைத்துவந்ததால், அவை எதை வேட்டையாடின என்பது நெடுநாள் வெறும் ஊகமாக இருந்தது. 2025-இல் அர்ஜென்டினாவின் படகோனியாப் பகுதியிலிருந்து ஹோவாக்கின்ராப்டர் என்ற புதிய உறுப்பினர் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலத்தைச் சேர்ந்தது. மண்டையோட்டின் பகுதிகளும் கை, கால் எலும்புகளும் கிடைத்தன. அதன் கீழ்த்தாடைகளுக்கு நடுவே வேறொரு விலங்கின் எலும்பு இருந்தது. முதலை இனத்தைச் சேர்ந்த ஒன்றின் மேற்கை எலும்பு, அதில் பல் தடங்களோடு. முதலை இனத்து விலங்கு எளிதில் அடங்கும் இரை அன்று. அது புரளும், வாலால் அடிக்கும், திருப்பிக் கடிக்கும். இவ்வளவு இலேசான வாயை வைத்துக்கொண்டு அதை அடக்கியிருக்க வேண்டுமானால், முதலில் போய் இறங்கியது அந்தக் கை நகங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். ஏற்கெனவே இறந்து கிடந்ததை அது தின்றிருக்கலாம் என்ற வாய்ப்பும் இருக்கிறது. அந்தக் கையின் எலும்புகளில் தசை எங்கெங்கே பற்றியது, நகம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்து பார்க்கும் வேலை இனிதான் நடக்க வேண்டும்.

பொறுமையோடு கேட்ட நேயர்களுக்கும், பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கும் என் நன்றி. வணக்கம்.